இசிஜி தாளை மருத்துவர்கள் படிப்பது எப்படி? மாரடைப்பில் முதல் 10 நிமிடங்கள் முக்கியம்

புது தில்லி: நெஞ்சுவலியுடன் மருத்துவமனைக்கு வருபவருக்கு 10 நிமிடங்களுக்குள் இசிஜி எடுத்து, அதை மருத்துவர் பார்த்துவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டு நெறிமுறை. இசிஜி கருவி இன்று சிறிய ஊர்களின் மருத்துவமனைகளுக்கும் வந்துவிட்டது. எனினும், கருவி வரைந்து தரும் கோடுகளைப் பிழையின்றிப் படிக்கப் பயிற்சி பெற்ற கண்கள் தேவை. நோயாளியின் உயிர் பல நேரங்களில் அதைப் பொறுத்தே அமைகிறது.

தாமதமே பெரும் சவால்

இந்தியாவின் 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளில் நடத்தப்பட்ட 'கிரியேட்' ஆய்வின் முடிவுகள் 2008-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாகின. அதில் இடம்பெற்ற 20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளில் சுமார் 60 சதவீதத்தினருக்கு, இதய ரத்தக்குழாய் முழுமையாக அடைபடும் கடுமையான மாரடைப்பு ஏற்பட்டிருந்தது. அறிகுறி தொடங்கியதிலிருந்து மருத்துவமனையை அடைவதற்கான இடைநிலை நேரம் 360 நிமிடங்கள், அதாவது 6 மணி நேரம்.

ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்து 12 மணி நேரத்துக்குள் அளிக்கப்பட வேண்டும். அதிலும் முதல் சில மணி நேரத்தில்தான் அதன் பலன் அதிகம். பாதி நேரத்தை வழியிலேயே இழந்துவிட்ட நோயாளிக்கு, இசிஜி-யைப் படிப்பதில் ஏற்படும் தாமதம் மேலும் பாதிப்பை உண்டாக்கும்.

கட்டங்களின் கணக்கு

இதயத் தசைகளில் பாயும் நுண்ணிய மின்னோட்டத்தைப் பதிவு செய்வதே இசிஜி. இதற்கான கருவியை உருவாக்கிய நெதர்லாந்தைச் சேர்ந்த வில்லெம் ஐந்தோவனுக்கு 1924-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அலைகளுக்கு அவர் சூட்டிய பி, க்யூ, ஆர், எஸ், டி என்ற பெயர்களே இன்றும் வழக்கில் உள்ளன.

இதயத்தின் மேலறைகளில் மின்தூண்டல் பரவுவதை 'பி' அலை காட்டுகிறது. கீழறைகளில் அது பரவும்போது 'க்யூஆர்எஸ்' என்ற கூரிய அலை தோன்றுகிறது. அடுத்த துடிப்புக்காகக் கீழறைகள் மீண்டும் ஆயத்தமாவதை 'டி' அலை குறிக்கிறது.

இசிஜி தாள் வழக்கமாக விநாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகரும். எனவே, ஒரு சிறிய கட்டம் 0.04 விநாடியையும், 5 சிறிய கட்டங்கள் கொண்ட பெரிய கட்டம் 0.2 விநாடியையும் குறிக்கும். அடுத்தடுத்த இரு 'ஆர்' அலைகளுக்கு இடையே உள்ள பெரிய கட்டங்களை எண்ணி, 300-ஐ அந்த எண்ணால் வகுத்தால் நிமிடத்துக்கான இதயத் துடிப்பு கிடைக்கும். 4 பெரிய கட்டங்கள் இருந்தால் துடிப்பு 75. துடிப்பு சீராக இல்லாதபோது இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது 10 விநாடிப் பதிவில் உள்ள துடிப்புகளை எண்ணி, 6-ஆல் பெருக்க வேண்டும்.

வரிசை மாறாத வாசிப்பு

கண்ணில் பட்ட மாற்றத்திலிருந்து தொடங்கக் கூடாது என்பதே பயிற்சி மருத்துவர்களுக்குக் கற்பிக்கப்படும் முதல் பாடம். நோயாளியின் பெயர், தாளின் வேகம், துடிப்பு எண்ணிக்கை, சீர்மை, மின்னோட்டத்தின் திசை, அலைகளின் அகலம், இறுதியில் எஸ்டி பகுதியும் டி அலையும் என ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் பார்க்க வேண்டும்.

உடலில் 10 இடங்களில் பொருத்தப்படும் மின்முனைகள், 'லீட்' எனப்படும் 12 கோணங்களில் இதயத்தைக் காட்டுகின்றன. அருகருகே உள்ள இரு லீட்களில், க்யூஆர்எஸ் அலைக்கும் டி அலைக்கும் இடைப்பட்ட எஸ்டி பகுதி குறைந்தது 1 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால், அது மாரடைப்பின் முக்கிய அடையாளம். வி2, வி3 லீட்களில் மட்டும் வயது, பாலினத்துக்கு ஏற்ப இந்த வரம்பு கூடுதல்.

இரண்டு, மூன்று, ஏவிஎஃப் ஆகிய லீட்களில் இந்த உயர்வு காணப்பட்டால் பாதிப்பு இதயத்தின் அடிப்பகுதியில் உள்ளது. இத்தகைய நோயாளிகள் சிலருக்கு மேல் வயிற்று வலியும் வாந்தியும் மட்டுமே இருக்கும். வாயுத் தொல்லை என்று வீட்டிலேயே இருந்துவிடும் ஆபத்து இவர்களுக்கு அதிகம். வி1 முதல் வி4 வரையிலான லீட்களில் உயர்வு இருந்தால், இதயத்தின் முன்பகுதி பாதிக்கப்பட்டுள்ளது என்று பொருள்.

ஏமாற்றும் கோடுகள்

எஸ்டி உயர்வு அனைத்தும் மாரடைப்பு அல்ல. ஆரோக்கியமான இளைஞர்கள் சிலருக்கும், இதய உறை அழற்சி உள்ளவர்களுக்கும் அது காணப்படலாம். கை மின்முனைகளை இடம் மாற்றிப் பொருத்தினாலும், நோயாளி நடுங்கினாலும் பதிவு தவறாக அமையும். கருவியே அச்சிட்டுத் தரும் முடிவை மருத்துவர் சரிபார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

மறுபுறம், முதல் இசிஜி இயல்பாக இருப்பதால் மட்டும் மாரடைப்பு இல்லை என்று கூறிவிட முடியாது. வலி தொடர்ந்தால் சிறிது நேர இடைவெளியில் மீண்டும் இசிஜி எடுப்பதும், ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை செய்வதும் அவசியம்.

தொலைவிலிருந்து உதவி

இதய நிபுணர் இல்லாத மருத்துவமனைகளுக்குத் தொழில்நுட்பம் கைகொடுக்கிறது. மும்பையில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம், பதிவைக் கைப்பேசி வழியே நிபுணருக்கு அனுப்பக்கூடிய கையடக்க டெலி-இசிஜி கருவியை உருவாக்கியுள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையும் 2019-இல் தொடங்கிய 'மிஷன் டெல்லி' திட்டத்தில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் மோட்டார் சைக்கிளில் நோயாளியின் இடத்துக்கே சென்று இசிஜி எடுத்து, எய்ம்ஸ் மருத்துவர்களின் ஆலோசனையைப் பெற்றனர்.

பழைய தாளைப் பாதுகாப்பது அவசியம்

புதிய மாற்றம் எது, நெடுநாளாக இருப்பது எது என்பதை அறிய, முந்தைய இசிஜி மருத்துவருக்குப் பெரிதும் உதவும். வெப்பத்தாளில் அச்சாகும் கோடுகள் நாளடைவில் மங்கிவிடும். எனவே, நகல் எடுத்தோ, கைப்பேசியில் படம் பிடித்தோ வைத்துக்கொள்வது நல்லது. ஆனால், நெஞ்சுவலி வரும்போது பழைய தாளைத் தேடி நேரத்தை வீணாக்காமல் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.