பாஸ்புக்கில் யார் பெயர்?



ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நம் வீடுகளில் கை சும்மா இருக்கும் பெண்கள் குறைவு. கடைகளுக்காகப் புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறார்கள், ஜாக்கெட் தைக்கிறார்கள், ஆரி வேலை செய்கிறார்கள். சமோசா மடித்துக் கொடுக்கிறார்கள். இட்லி மாவு அரைத்து விற்கிறார்கள், ஆர்டருக்கு பிரியாணி செய்து தருகிறார்கள். ஆனால் ரேஷன் கார்டு கணக்கெடுப்பிலோ, பெண் பார்க்க வந்தவர்களிடமோ கேட்டால், "வீட்டில் சும்மாதான் இருக்காங்க" என்றுதான் பதில் வருகிறது.

இந்த வேலைக்கும் முதல் வேண்டும். தையல் மெஷினுக்கு மோட்டார் வாங்கவும், ஒரு மூட்டை அரிசி எடுக்கவும் பணம் எங்கிருந்து வருகிறது? ஒன்று தண்டல், இல்லாவிட்டால் வாரத் தவணைக் குழுக் கடன். பத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் அவள் வாசலில் போய் உட்கார வேண்டியிருக்கிறது. நேற்று வரை நோன்புக் கஞ்சியைப் பகிர்ந்துகொண்ட அக்கம்பக்கம் பகையாகிவிடுகிறது. அதனால் "குழு" என்று சொன்னாலே பல வீடுகளில் பயம்.

வட்டிக்காரர் பிடியிலிருந்து தப்பிக்கப் பெண்கள் தாங்களே கண்டுபிடித்த வழிதான் இந்தக் குழு. அது எப்படித் தொடங்கியது, இன்றைய கடன் குழுவில் எது காணாமல் போனது என்று தெரிந்துகொண்டால், எதில் சேரலாம், எதில் சேரக் கூடாது என்று நாமே முடிவு செய்யலாம்.

நம் சென்னையில் தொடங்கிய கதை

1970-களில் ஜெயா அருணாசலம் என்பவர் காங்கிரஸ் கட்சியில் பணியாற்றி வந்தார். வெள்ள நிவாரணத்துக்காகச் சென்னைக் குடிசைப் பகுதிகளுக்குப் போனார். அங்கே காய்கறி, பூ, மீன், இட்லி விற்கும் பெண்கள் நிவாரணத்தைவிடத் தொழில் நடத்தச் சிறு கடனைத்தான் பெரிதாகக் கேட்டார்கள். காலையில் வட்டிக்கு வாங்கிச் சரக்கு எடுத்து, மாலையில் லாபத்தின் பெரும்பகுதியை வட்டியாகவே கொடுத்துவிட்டு வீடு திரும்பும் வாழ்க்கை அவர்களுடையது.

அவர் கட்சி அரசியலை விட்டு விலகி, 1978-இல் சுமார் 800 பெண்களுடன் உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்'. ஒரே தெருவில் வசிக்கும் பெண்கள் சிறு குழுவாகச் சேர்ந்து, தங்களுக்குள் ஒருவரைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் கடனுக்கு மற்றவர்கள் பொறுப்பு. முதலில் தேசிய வங்கிகளில் ஏழைகளுக்கென்று இருந்த 4 சதவீத வட்டிக் கடனை வாங்கித் தந்தார்கள். ஆனால் வங்கியின் படிவங்களும் தாமதமும் அலைச்சலும் அந்தப் பெண்களுக்கு ஒத்துவரவில்லை. அதனால் 1981-இல் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கத்தையே ஏற்படுத்திக்கொண்டார்கள். கடன் வாங்கிய பெண்களே பங்கு போட்டு அதன் சொந்தக்காரர்களும் ஆனார்கள்.

பிறகு இந்த அமைப்பு அதிராம்பட்டினத்தில் மீன் தொழில் செய்யும் பெண்கள், வேலூர்ப் பக்கம் பீடி சுற்றும் பெண்கள், ஆந்திராவின் நரசாபூரில் லேஸ் பின்னும் பெண்கள் என்று பல இடங்களுக்குப் பரவியது.

ஒரே இரவில் கற்ற கையெழுத்து

அகமதாபாத்தில் இலா பட் 1972-இல் 'சேவா' சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது, "இந்தப் பெண்களுக்கு முதலாளியே இல்லையே, பிறகு எதற்குத் தொழிற்சங்கம்?" என்ற ஆட்சேபணை எழுந்தது. சங்கம் என்பது முதலாளியை எதிர்ப்பதற்கு மட்டுமல்ல, தொழிலாளிகள் ஒன்றாக நிற்பதற்கும்தான் என்று வாதாடிப் பதிவு வாங்கினார்.

1974-இல் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்கு போட்டு வங்கி தொடங்கினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் எப்படி வங்கி நடத்துவார்கள் என்று அதிகாரி தயங்கினார். பொறுப்பேற்க வந்த பெண்கள் இரவு முழுவதும் கண்விழித்து, தங்கள் பெயரை எழுதப் பழகி, மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக பாஸ்புக்கில் புகைப்படம் ஒட்டும் முறையும் வந்தது. கணக்கு அவள் பெயரில், முகம் அவளுடையது. அவள் வராமல் வேறு யாரும் பணத்தை எடுக்க முடியாது.

சேவாவில் முஸ்லிம் பெண்கள் பலர் உண்டு. தரியாபூர் பகுதியில் மில் கழிவுத் துணித் துண்டுகளை இணைத்து மெத்தை விரிப்பு உறை தைத்தவர்கள், வியாபாரி கொடுக்கும் கூலி கட்டுப்படியாகாமல் கூட்டாகப் பேரம் பேசினார்கள். வியாபாரிகள் வேலை கொடுக்க மறுத்தபோது, தாங்களே துணி வாங்கித் தைத்து விற்கும் கூட்டுறவைத் தொடங்கினார்கள். பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் நம் சகோதரிகள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

இவர்கள் தனித்து நிற்கவில்லை. 1975-இல் மெக்சிகோவில் ஐ.நா. மகளிர் மாநாட்டுக்குப் போன இலா பட், கானா நாட்டின் எஸ்தர் ஓக்லூவைச் சந்தித்தார். ஒரு டாலருக்கும் குறைவான முதலில் ஆரஞ்சு ஜாம் செய்து விற்றுத் தொழிலதிபரானவர் அவர். அந்தச் சந்திப்பிலிருந்துதான் 'விமன்ஸ் வேர்ல்ட் பேங்கிங்' என்ற உலகப் பெண்கள் வலைப்பின்னல் பிறந்தது. அதன் முதல் தலைவரும் எஸ்தர் ஓக்லூதான்.

எங்கே மாறிப்போனது?

அந்தக் குழுக்களில் சேமிப்பு இருந்தது, பங்கு இருந்தது, முடிவெடுக்கும் உரிமை இருந்தது. இன்று வாசலுக்கு வரும் பல கடன் குழுக்களில் பெண்ணுக்கு மிஞ்சியிருப்பது ஜாமீன் கையெழுத்து மட்டும். கடன் அவள் பெயரில், செலவு வேறொருவர் கையில், தவணை மட்டும் அவள் தலையில். இதில் சுதந்திரம் எங்கே இருக்கிறது?

ஏற்கெனவே இப்படிக் கடன் வாங்கியவர்கள் தங்கள் உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குத் தரும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு எந்தப் பிணையும் கேட்கக் கூடாது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் தரக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காகத் தொடர்புகொள்ளக் கூடாது. மிரட்டுவதும் கேவலமாகப் பேசுவதும் குற்றம். முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

தனியாரின் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டலுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. கடன் வசூலில் வலுக்கட்டாயத்தைத் தடுக்க 2025-இல் இன்னொரு சட்டமும் வந்தது.

வட்டி இல்லாமல் முடியுமா?

மேலே சொன்ன அமைப்புகள் வட்டி வாங்குபவைதான். நமக்கு அது ஹராம் என்பதால் அவர்கள் வழியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கூட்டுச் சேமிப்பும், கூட்டுப் பொறுப்பும், கூட்டுப் பேரமும் வட்டி இல்லாமலும் நடக்கும். பாகிஸ்தானின் லாகூரில் 2001-இல் அம்ஜத் சாகிப் தொடங்கிய 'அகுவத்' அமைப்பு, கணவரை இழந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்த 10,000 ரூபாய் வட்டியில்லாக் கடனில்தான் ஆரம்பித்தது. அவர் தையல் மெஷின் வாங்கித் தொழில் செய்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அது அடுத்தவருக்குப் போனது. அங்கே பள்ளிவாசலிலேயே கடன் வழங்குகிறார்கள்.

நம் ஊர் பைத்துல்மால்களும் இதைச் செய்யலாம். அரசுப் பக்கத்திலும் மாவட்ட ஆட்சியர் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இருக்கிறது. அது திரட்டும் நன்கொடைக்கு அரசும் இணை மானியம் தருகிறது. கணவரை இழந்தவர்களும் ஆதரவற்ற சகோதரிகளும் அங்கே விண்ணப்பிக்கலாம். டாம்கோ கடனுக்குக் குறைந்த வட்டி உண்டு. பேணுதல் உள்ளவர்கள் ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சேரும் முன் ஐந்து கேள்விகள்

1. சேமிப்புக் கணக்கு யார் பெயரில்? பாஸ்புக் யார் கையில்?
2. கடன் யாருடைய தொழிலுக்கு? பணத்தைச் செலவு செய்வது யார்?
3. குழுவின் கணக்கை எல்லாரும் பார்க்க முடியுமா?
4. ஒருத்திக்கு நோய், பிரசவம், இத்தா என்று வந்தால் தவணைக்கு என்ன ஏற்பாடு?
5. விலகிக்கொள்ள நினைத்தால் முடியுமா?

இந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் வராத குழுவில் எவ்வளவு அவசரம் என்றாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மஹர் அவளுடையது, அவள் சம்பாதித்ததும் அவளுடையது. இதை மார்க்கமே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிகத்தைப் பெருமையாக பயான்களில் கேட்கிற நாம், நம் வீட்டுப் பெண்ணின் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்திருக்கிறோமா? இந்த வாரம் இரண்டு பேரும் உட்கார்ந்து அதைப் பேசுங்கள், இன்ஷா அல்லாஹ்.