பிறேக் மிதி கூறும் செய்தி



மோட்டார் வண்டியை ஓடச் செய்வது எது என்று அறிந்தவர் பலர். அதனை நிற்கச் செய்வது எது என்று ஆராய்ந்தவர் சிலரே. வீட்டு முற்றத்திலேயே தம் வண்டியின் பிறேக்கைச் செம்மை செய்ய விரும்பும் அன்பர்களுக்கு, அங்கே செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதை எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கமாகும். எடுத்துக்காட்டாக, 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமாகி, நம் நாட்டு வீதிகளில் இன்றும் ஆங்காங்கே காணப்படும் மொறிஸ் மைனர் வண்டியைக் கொள்வோம். என்னிடமுள்ளதும் அதுவே.

அடைபட்ட திரவத்தின்மீது ஓரிடத்தில் செலுத்தப்படும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிப் பரவும் என்பது, 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் கண்ட விதி. நாம் பிறேக் மிதியை அழுத்தும்போது தலைமை உருளையிலுள்ள எண்ணெய் அமுக்கமடைகிறது. அவ்வமுக்கம் மெல்லிய குழாய்களின் வழியே நான்கு சில்லுகளையும் அடைகிறது. ஒவ்வொரு சில்லிலும் பிறை வடிவான இரண்டு பிறேக் சூக்கள் உள்ளன. அவை விரிந்து, சில்லோடு சுழலும் டிறம்மின் உட்புறத்தில் அழுந்த, உராய்வினால் வேகம் வெப்பமாக மாறி வண்டி நிற்கிறது.

உராய்வதனாற் சூவின் மேலுறை நாளடைவில் தேய்கிறது. டிறம்முக்கும் அதற்குமுள்ள இடைவெளி பெருகுகிறது. மிதியும் முன்னையினும் ஆழமாக இறங்குகிறது. இவ்விடைவெளியைக் குறைப்பதையே சரிப்படுத்தல் என்கிறோம்.

முதலில் வண்டியைச் சமநிலத்தில் நிறுத்தி, உயர்த்தப்படாத சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்தல் வேண்டும். பின்சில்லைச் சரிப்படுத்துகையில் கைப்பிறேக்கைத் தளர்த்த நேர்வதால், இக்கட்டைகளே வண்டியை உருளாது காக்கும். பின்னர் ஜக்கினால் ஒரு சில்லை உயர்த்துக. ஜக்கை மாத்திரம் நம்பி வண்டியின் கீழே தலையை நுழைத்தல் ஒருபோதும் ஆகாது. சில்லின் நடுமூடியைக் கழற்றிச் சில்லை மெல்லச் சுழற்றினால், துளையினூடே திருகாணித் தலையொன்று தென்படும். முன்சில்லு ஒவ்வொன்றிலும் இத்தகைய திருகாணிகள் இரண்டு. பின்சில்லு ஒவ்வொன்றிலும் ஒன்று. திருப்புளியால் அதனை வலஞ்சுழியாகத் திருப்பி, சில்லு அசையாது நிற்கும்வரை இறுக்கி, பின் ஒரு பல் அளவு தளர்த்துக. சில்லு தடையின்றிச் சுழலுமாயின் வேலை முடிந்தது.

இத்துணை எளிய இவ்வேலையே என்னை ஒருமுறை ஏமாற்றிற்று. மிதி தாழ்ந்திருக்கக் கண்டு, நான்கு சில்லுகளையும் நானே சரிப்படுத்தினேன். மிதி உயர்ந்தது, என் பெருமையும் உயர்ந்தது. அடுத்த கிழமை நுவரெலியாவிலிருந்து குடும்பத்தோடு இறம்பொடைச் சரிவில் இறங்குகையில், மிதி தடையேதுமின்றித் தரையைத் தொட்டது. தாழ்ந்த கியரும், கம்பியால் இயங்கும் கைப்பிறேக்கும், பாதையோர மண்மேடுமே எங்களைக் காத்தன. பின்சில்லொன்றின் உருளை பல நாளாகவே ஒழுகியிருந்தது. மொறிஸ் மைனரின் எண்ணெய்க் கலம் சாரதியின் காலடியில், தரைவிரிப்பின் கீழே மறைந்திருப்பது. அவ்விரிப்பை நான் தூக்கிப் பார்த்திலேன். நான்கு சில்லுகளுக்கும் எண்ணெய் வழி ஒன்றேயாதலால், ஓரிடத்து ஒழுக்கு நான்கையும் செயலிழக்கச் செய்துவிட்டது. பாடத்தைக் கற்பியாது மாணவனின் புள்ளியை மட்டும் உயர்த்திய ஆசிரியனின் பிழையை ஒத்தது என் பிழை.

ஆதலால், திருப்புளியை எடுக்குமுன் எண்ணெய்க் கலத்தைப் பாருங்கள். பின்னர் மிதி கூறும் செய்தியைக் கேளுங்கள். கலம் நிறைந்திருக்க, ஆழ இறங்கும் மிதி, இருமுறை அழுத்தியதும் உயர்ந்து உறுதியாக நிற்குமாயின், பெரும்பாலும் சரிப்படுத்தலே போதும். மிதி பஞ்சுபோல் மெத்தென்றிருப்பின், குழாயிற் காற்றுப் புகுந்துள்ளது. அதனை வெளியேற்றல் வேண்டும். அழுத்திப் பிடித்திருக்கும்போதே மிதி மெல்ல மெல்லத் தாழுமாயின், எங்கோ எண்ணெய் ஒழுகுகிறது. அன்றேல் தலைமை உருளையின் இறப்பர் பழுதுற்றுள்ளது. இந்நிலையில் வண்டியை வீதிக்குக் கொண்டுசெல்லாது, தேர்ந்த மெக்கானிக்கை வீட்டுக்கு அழைப்பதே அறிவுடைமை.

வேறிரண்டு எச்சரிக்கைகளும் உள. வழக்கமான பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 எனப்படும் வகை, புதியதாயின் 205 பாகை செல்சியசுக்குக் கீழே கொதிப்பதில்லை. ஈரமேறியதோ 140 பாகையளவிலேயே கொதிக்கக்கூடும். நீண்ட சரிவில் எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதி வெறுமையாய் இறங்கும். ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் எண்ணெயை மாற்றுக. அடுத்து, பழைய மேலுறைகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கலாம். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. டிறம்மைக் கழற்ற நேரின், தூசை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

வேலை முடிந்ததும், ஆளில்லா இடத்தில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள்; வண்டி ஒருபுறம் இழுக்காது நேரே நிற்றல் வேண்டும். நம் பிறேக்கை நம்பி வண்டிக்குள் இருப்பவர் சிலர். அதனை நம்பி வீதியைக் கடப்பவரோ பலர். அவர்கள் நம் வண்டியின் மிதியைத் தொட்டுப் பார்த்தவர்கள் அல்லர். அவர்களுக்காகவும் அதனைத் தொட்டுப் பார்ப்பது நம் கடனாகும்.