பலாச்சுளை வற்றல்: பாக்கெட் போடுமுன் ஏழு நாள் பொறுங்கள்



சித்திரை பிறந்தால் கீரமங்கலம், வடகாடு, மாங்காடு, கொத்தமங்கலம் பகுதித் தோப்புகளிலிருந்து பலா வரத்துத் தொடங்கிவிடும். வைகாசி, ஆனியில் வரத்து மிகுந்து விலை இறங்கும். பழுத்த பழம் நம் விலைக்காகக் காத்திருக்காது. விற்காமல் நின்றது மாட்டுத் தொட்டிக்குப் போகும். 2018 நவம்பர் 16-ல் அடித்த கஜா புயலில் தென்னையோடு பலா மரங்களும் ஏராளமாகச் சாய்ந்தன. தப்பி நிற்கும் மரத்தின் பழத்தையாவது வீணாக்காமல் காசாக்கும் வழிகளில் ஒன்று, சுளையைக் காயவைத்து வற்றலாக்குவது.

குளிர் நாடுகளில் ஆப்பிளை மெல்லிய வட்டமாக நறுக்கி, நூலில் கோத்து வீட்டிலேயே உலர்த்துவார்கள். நறுக்கிய ஆப்பிள் காற்றுப்பட்டுக் கறுக்கும் என்பதால் எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் நனைத்தெடுப்பார்கள். பலாச்சுளைக்கு அந்தத் தொல்லை குறைவு. மற்றபடி வேலை ஒன்றுதான்: தண்ணீரை வெளியேற்றுவது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 10 கிலோ பழத்தில் சுளை சுமார் 3 கிலோ தேறும். சுளையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். ஆகவே கொட்டை நீக்கிய ஒரு கிலோ சுளை நன்றாகக் காய்ந்தால் 300 கிராம் அளவுக்குத்தான் நிற்கும். ஒரு கிலோ வற்றலுக்கு 11, 12 கிலோ பழம் வேண்டும். "இரண்டு கிலோ சுளைக்கு ஒரு கிலோ வற்றல் தேறியது" என்று யாராவது சொன்னால், நாம் எடை போட்டு வாங்குவது தண்ணீரைத்தான்.

செய்முறை எளிது. சுளை கெட்டியான வருக்கைப் பலாவே ஏற்றது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளையை எடுத்து, கொட்டையும் சடையும் நீக்கி, நீளவாக்கில் ஒரே கனத்தில் கீறவும். கனம் மாறினால் ஒன்று காயும், மற்றொன்று ஈரமாக நிற்கும். தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, ஈ மொய்க்காமல் வலை மூடவும். நல்ல வெயிலில் மூன்று, நான்கு நாள் ஆகும். மாலையில் உள்ளே எடுத்துவிட வேண்டும். பனியில் கிடந்தால் பகலில் விட்ட ஈரத்தை இரவில் திரும்ப வாங்கிக்கொள்ளும். கோடை மழைக்குப் பயந்தவர்கள் உலர்த்தும் பெட்டியில் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் சூட்டில் உலர்த்தலாம்.

இனிதான் முக்கியமான விஷயம். இருபது ஆண்டுகளுக்கு முன், வீட்டில் செய்த 40 கிலோ வற்றலை வாங்கினேன். கைக்கு நன்றாகக் காய்ந்தது போலத்தான் இருந்தது. வெயில் சூடு ஆறுமுன் அன்று மாலையே பாக்கெட் போட்டுக் கடைகளுக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு வாரத்தில் பூசணம் பிடித்துச் சரக்கு திரும்பி வந்தது. அவ்வளவையும் குழி தோண்டிப் புதைத்தேன். பணம் போனதைவிட, அடுத்த பருவத்தில் அந்தக் கடைக்காரர்கள் என் சரக்கைக் கையால் தொடவில்லை என்பதே பெரிய நஷ்டம்.

காரணம் பிறகுதான் விளங்கியது. மேலே காய்ந்த துண்டின் நடுவில் ஈரம் தங்கியிருக்கும். ஆகவே வற்றலை நன்றாக ஆறவிட்டு, கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவுக்குள் நிரப்பி, இறுக மூடி ஏழு நாள் வைக்கவும். தினமும் ஒருமுறை குலுக்கவும். ஜாடியின் உட்புறம் வியர்த்தால் மறுபடி உலர்த்த வேண்டும். வியர்க்காவிட்டால் பாக்கெட் போடலாம்.

பூசணத்தைத் துடைத்துவிட்டு விற்கலாம் என்று எண்ண வேண்டாம். ஈரமான கடலையிலும் கொப்பரையிலும் வருகிற அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு சில பூசணங்களில் உண்டாவதுதான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சே காரணம் என்று கண்டார்கள். வறுத்தாலும் அது முழுவதும் போகாது.

கொள்முதல் செய்யும்போது ஒரு துண்டை இரண்டாகப் பிய்த்துப் பாருங்கள். பிய்த்த இடத்தை அழுத்தினால் ஈரம் கசியக் கூடாது. துண்டுகள் கட்டிக்கொள்ளவும் கூடாது. பாக்கெட்டில் தயாரித்தவர் முகவரி, தயாரித்த தேதி, எடை, விலை, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டில் செய்தது என்பதால் சட்டம் விலக்குத் தராது. தொழிலாகவே செய்ய விரும்பும் நம் பகுதிப் பெண்களுக்குத் தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சொல்லுங்கள். 1967-ல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சிக்காகத் தொடங்கிய நிறுவனம் அது. இன்று உணவு பதப்படுத்தலில் பயிற்சியும் தருகிறது.

ஏழு நாள் சரக்கு முடங்குகிறதே என்று வருந்த வேண்டாம். அந்த ஏழு நாள், நம் கடையின் பெயருக்கு நாம் போடும் முதல்.