இருமுனை நோயும் ‘நான்’ என்னும் உணர்வும்

கல்முனை, மருதமுனை, பாலமுனை என, முனைகளாற் பெயர் பெற்ற ஊர்கள் பல எங்கள் அம்பாறைக் கரையில் உள. முனை என்பது நிலம் கடலைத் தொடும் எல்லை. ஊர் முழுவதும் அன்று. பாலமுனை என்றாற் கடலோரம் மட்டுமா? வயலும் பள்ளிவாசலும் பாடசாலையும் கடைத்தெருவும் கூடியதே அவ்வூர். உளமருத்துவர் ‘இருமுனைப் பிறழ்வு’ எனக் கூறும் நோயைக் குறித்துச் சிந்திக்கும்போதும் இவ்வுண்மையை நாம் மறத்தலாகாது.

இந்நோயின் ஒரு முனை மனவெழுச்சி. உறக்கம் வேண்டாமை, ஓயாப் பேச்சு, அளவிறந்த தன்னம்பிக்கை, கைப்பொருளை வாரியிறைத்தல் என்பன அதன் குறிகள். மற்றை முனை சோர்வு. எழுந்து முகங் கழுவவும் இயலாத துயரும், தன்னையே வெறுத்தலும், சிலரிடத்து உயிரை மாய்க்கும் எண்ணமும் அதன்பாற்படும். இரண்டும் வந்து நீங்குவன. இடையில் மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் தம் இயல்பில் வாழ்வோர் பலர். 1854 இல் பிரான்சிய மருத்துவர் ஃபல்ரே இவ்விரண்டையும் சுழன்று வரும் ஒரே நோயெனக் கண்டார். 1899 இல் ஜெர்மானியர் கிரேப்பெலின் அதனைத் தனி நோயாக வகுத்தார். 2019 இல் ஏறத்தாழ 4 கோடி மக்கள் இதனால் வருந்தினர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு.

மருத்துவர் இப்பெயரைக் கூறிய அன்று, கேட்டவர் உள்ளத்தில் இரு மாற்றங்கள் நிகழ்கின்றன. ஒன்று ஆறுதல். ‘என் குணக்கேடு’ எனத் தாம் எண்ணி நாணியவற்றுக்கு ஒரு காரணம் உண்டென அவர் அறிகின்றார். மற்றையது ஐயம். ‘நான் இரவிரவாக விழித்துப் படித்தது என் முயற்சியா, நோயா? இன்று நான் மகிழ்வது மகிழ்ச்சியா, நோயின் தொடக்கமா?’ என்று தம் உணர்வுகளைத் தாமே நம்பாது விசாரிக்கத் தொடங்குகின்றார்.

அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியை கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் இந்நோயை ஆராய்ந்தவர். தாமும் அதனால் வருந்தியவர். 1949 இல் அவுஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட் பயன் கண்டறிந்த லித்தியமே அவருக்கு மருந்தாயிற்று. ஆயினும் தொடக்கத்தில் அதனை உண்ண மறுத்ததையும் இடையிற் கைவிட்டதையும் 1995 இல் வெளியிட்ட தம் வரலாற்றில் அவர் மறைக்காது எழுதினார். எழுச்சியை இழத்தல் தம்மையே இழத்தல் போல அவருக்குத் தோன்றிற்று. நோயை அறிந்த அறிஞர்க்கே இந்நிலையெனின், ஏனையோர் தடுமாறுவதில் வியப்பென்ன?

அத்தடுமாற்றத்தைப் பெருக்குவது நம் நாவே. ‘அவருக்குக் காய்ச்சல்’, ‘அவருக்குச் சீனி வருத்தம்’ என்போம். நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’, நோயை வேறாகவும் நோயுற்றவரை வேறாகவும் நிறுத்துகின்றது. உளநோய் என்றதும் அவ்வுருபு மறைகின்றது; ‘அவன் விசரன்’ என ஆளையே நோயாக்கிவிடுகின்றோம். அங்கொடை என்னும் ஊர்ப்பெயரும் நம் நாட்டில் வசைச்சொல்லாயிற்று. இவ்வசைக்கு அஞ்சியே, திருமணம் தடைப்படும், உத்தியோகம் போய்விடும் எனக் கருதி, நோயையும் மருந்தையும் ஒருங்கே மறைப்போர் உளர். மறைத்து உண்ணும் மருந்து எளிதில் நின்றுபோகும்; நின்றால் நோய் மீளும்.

தமிழரிடையே பேய் என்றும் முஸ்லிம்களிடையே ஜின் என்றும் காரணங் கூறுவோர் உளர். ஆனால், 934 இல் மறைந்த இஸ்லாமிய அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ, உடலைப் போலவே உள்ளமும் நோயுறும் என்றும், காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாத துயரம் வேறு என்றும் எழுதிவைத்தார். இது மேனாட்டார் நேற்றுக் கொணர்ந்த அறிவு மட்டுமன்று.

ஓர் எடுத்துக்காட்டு. பாலமுனை போன்ற ஊரில் றமழான் நோன்பு வெறும் கடமையன்று. ‘நானும் இவ்வூரான்’ என்பதன் அடையாளமும் ஆகும். லித்தியம் உண்பவர் பகல் முழுவதும் நீரருந்தாதிருப்பின் இரத்தத்தில் அதன் அளவு மிகக்கூடும். இரவு உறக்கங் குறைதலும் எழுச்சியைத் தூண்டக்கூடும். ஆகவே அவர் முன்னரே மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும். நோயாளிக்கு மார்க்கமே சலுகை அளித்துள்ளது. அதனை ஏற்று நோன்பு விடுபவர் தம் அடையாளத்தை இழந்தவராகார். எனினும், ‘ஏன் நோன்பில்லை?’ என்று அயலார் துருவிக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அவர் அதனை இழந்தவர்போல் உணர்கின்றார். விரதம் பூணும் சைவ இல்லங்களுக்கும் இது பொருந்தும்.

அங்ஙனமாயின் நோயறிந்தபின் ‘நான்’ என்பது யாது? மீன்பிடிக்கச் செல்வோர் மாரிக்காலக் கடலின் குறிகளை அறிந்து தோணியைக் கரையேற்றுவர்; காற்றைத் தாமென்று எண்ணார். உறக்கங் குறையும் முதற் குறியை அறிந்து மருத்துவரை நாடுபவரும், மருந்தைத் தவறாது உண்பவரும் அத்தகையர். அங்ஙனம் அறிந்து தேர்ந்து நடப்பவரே அந்த ‘நான்’. நோய் அவர் வாழ்வின் ஒரு பகுதி, வாழ்பவர் அவர்.

பழைய மாணவ அன்பர்களே, விழாவுக்கு வாராத வகுப்புத் தோழர் ஒருவர் இந்நோயால் ஒதுங்கியிருத்தல் கூடும். அவர் இல்லஞ் சென்று, பள்ளிப் பதிவேட்டிலுள்ள பெயரால் அவரை அழையுங்கள். உதவி வேண்டின் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தைக் கூறுங்கள். அவரைக் குறித்துப் பிறரிடம் பேச நேரின், அந்தச் சிறிய ‘கு’ உருபை விட்டுவிடாதீர்கள்.