மெனோட்ரோபின்: ஒரு மருந்துப் பெயரின் பொருளும் வழக்கும்

சில ஆண்டுகளுக்கு முன் எமது சபையைச் சேர்ந்த இளந்தம்பதியர் ஒரு மருந்து விளக்கத்தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தனர். மணமாகி ஏழாண்டுகள் கடந்தும் மகப்பேறு வாய்க்காத அவர்களுக்கு மருத்துவர் ஊசி மருந்தொன்றை எழுதிக் கொடுத்திருந்தார். அத்தாளில் 'மெனோபாஸ்' என்ற சொல்லைக் கண்ட கணவர் கலங்கிப்போனார். "முப்பது வயதுகூட ஆகாத இவளுக்கு மாதவிடாய் நின்றுபோகும் மருந்தையா ஐயா கொடுத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். குறித்த நாளில் தவறாது போட வேண்டிய ஊசியை அவ்வச்சத்தால் இரண்டு நாட்கள் தள்ளிவிட்டிருந்தனர். உடனே மருத்துவரிடம் திரும்பிச் செல்லும்படி அவர்களை அனுப்பினேன். மருத்துவம் நமது துறையன்று. ஆயினும் அம்மருந்தின் பெயர் கிரேக்கச் சொற்களால் ஆனது. புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் பயின்றோர்க்கு அதனைப் பிரித்தறிதல் அரிதன்று.

மெனோட்ரோபின் என்பதன் விரிந்த பெயர் 'மனித மெனோபாஸ் கோனாடோட்ரோபின்', எச்.எம்.ஜி. என்பது அதன் சுருக்கம். 'மேன்' என்றால் மாதம். கலாத்தியர் 4:10இல் வருவது இச்சொல்லே. 'பவுசிஸ்' என்றால் நிற்றல். 'கோனே' என்பது வித்து, பிறப்பு எனப் பொருள்படும். எபேசியர் 6:1இல் பெற்றோரைக் குறிக்கும் சொல்லும் இதே வேரினின்று வந்ததாகும். ஈற்றிலுள்ள 'ட்ரோபின்' திரும்புதல் என்னும் பொருளுடைய 'ட்ரொபே'யைச் சார்ந்தது. யாக்கோபு 1:17இல் அதனைக் காணலாம். பிரிட்டானிய நூல்கள் சில இதனை 'ட்ரோஃபின்' என எழுதுவதுண்டு. அவ்வாறெழுதினால் மத்தேயு 6:25இல் வரும் 'ட்ரொஃபே', அதாவது உணவு, என்பது வேராகிவிடும். வித்துறுப்பை நோக்கித் திரும்புவதா, வித்துறுப்பை ஊட்டி வளர்ப்பதா என்ற இவ்வேறுபாடு மருத்துவர்க்குப் பெரிதன்று. மொழியாசிரியனாகிய எனக்கு மட்டும் சுவையாயிருக்கிறது.

அத்தம்பதியர் தடுமாறிய இடம் 'மெனோ' என்னும் முற்பகுதி. அது மருந்தின் விளைவைக் கூறுவதன்று. மருந்து எங்கிருந்து வந்தது என்பதையே கூறுகிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி இரண்டு இயக்குநீர்களை அனுப்பிச் சினைப்பையைத் தூண்டுகிறது. மாதவிடாய் முற்றிலும் நின்றபின் சினைப்பை மறுமொழி தருவதில்லை. எனவே பிட்யூட்டரி முன்னிலும் மிகுதியாக அவற்றைச் சுரக்கிறது. மிகுந்தவை சிறுநீரில் வெளியேறுகின்றன. முதிய பெண்டிரின் சிறுநீரினின்று இவற்றைப் பிரித்தெடுத்துத் தூய்மையாக்கியதே மெனோட்ரோபின்.

ரோமாபுரியிலிருந்த செரோனோ நிறுவனத்தில் பியெரோ தொனீனி என்னும் வேதியியலார் 1949ஆம் ஆண்டளவில் இதனைப் பிரித்தெடுத்தார். 'பெர்கோனால்' என்னும் வணிகப் பெயர் இத்தாலிய மொழியில் 'வித்துறுப்புகளுக்காக' எனப் பொருள்படும் தொடரினின்று அமைந்தது. பல ஆண்டுகள் இம்மருந்து பயனின்றிக் கிடந்தது. பின்னர் புரூனோ லூனன்ஃபெல்ட் என்ற மருத்துவர் இதனைப் பயன்படுத்த முனைந்தபோது, சிறுநீர் பெருமளவில் தேவைப்பட்டது. பன்னிரண்டாம் பயஸ் போப்பின் உறவினரான ஜூலியோ பச்செல்லி அந்நிறுவனத்தோடு தொடர்புடையவர். அவர் வழியாக முதிய கன்னியாஸ்திரீகள் வாழ்ந்த இல்லங்களிலிருந்து அது சேகரிக்கப்பட்டது. கருவுற்றிருக்கும் பெண்ணின் சிறுநீர் கலந்துவிட்டால் வேறோர் இயக்குநீர் புகுந்து மருந்து கெடும். அங்கே அவ்வையம் எழவில்லை. துறவு நேர்ந்த பெண்டிரே இதற்குத் துணையானதை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு. 1962இல் இஸ்ரவேல் நாட்டில் இம்மருந்தினால் முதற் குழந்தை பிறந்தது. 1978இல் கல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்தியாய் மேற்கொண்ட சோதனைக்குழாய் முயற்சியிலும் இதே மருந்து பயன்பட்டது. 1990களிலிருந்து, இவ்வியக்குநீர்களுள் ஒன்றை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் உயிரணுக்களைக் கொண்டு தயாரித்தலும் வழக்கில் உள்ளது.

வழக்கில் இன்னொரு குழப்பமும் உண்டு. எச்.சி.ஜி. என்பது வேறு மருந்து. கருவுற்ற பெண்ணின் சிறுநீரினின்று கிடைப்பது. எச்.எம்.ஜி. பல நாட்கள் போடப்பட்டு முட்டையை வளர்க்கிறது. அது வளர்ந்தபின், முதிர்ந்து வெளியேறும்படி எச்.சி.ஜி. ஒருமுறை போடப்படுகிறது. நடுவெழுத்து ஒன்றே வேறு. கடைக்காரர் கொடுத்ததைச் சீட்டோடு ஒத்துப்பார்க்கும்படி சொல்வது நன்று.

'கோனாடு' என்னும் சொல் ஆண், பெண் இருவரின் வித்துறுப்பையும் குறிக்கும் என்பதை நம் சபைகளில் அழுத்திச் சொல்ல வேண்டும். பிட்யூட்டரியின் குறைவினால் விந்தணு உண்டாகாத ஆடவர்க்கும் இவ்வூசி தரப்படுகிறது. மருமகளையே மலடி என்று ஏசும் மாமியார் இதனை அறியார். அவர்களோடு சேர்ந்து தலையசைக்கும் மூப்பர்களும் அறியார்.

மக்கள் இதனைக் 'குழந்தை ஊசி' என்கின்றனர். அது பொருந்தாப் பெயர். ஊசி முட்டையை வளர்க்கும். அதற்கு மேல் கருத்தரிப்பதும் கரு நிலைப்பதும் அதன் வேலையல்ல. முட்டைகள் முற்றிலும் தீர்ந்துபோன சினைப்பையில் அதுவும் செல்லாது. பல முட்டைகள் ஒருங்கே வளர்ந்து இரட்டைப்பேறு நேரலாம். சினைப்பை அளவுமீறி வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, உயிருக்கே இடர் விளைதலும் உண்டு. ஸ்கேன் எடுத்துப் பார்த்துப் பார்த்து மருத்துவர் அளவை மாற்றுவது இதனாலேயே.

அத்தம்பதியர்க்கு மூன்று முறை சிகிச்சை நடந்தது. கரு நிலைக்கவில்லை. கடைசி முறைக்குப்பின் அச்சகோதரி என்னிடம், "இந்தத் தடவையும் முட்டை நன்றாகத்தான் வளர்ந்தது ஐயா, ஊசி தன் வேலையைச் செய்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார்கள்" என்றாள். கணவர் அவளருகே நின்று, அது சரிதான் என்பதுபோல் தலையசைத்தார்.