காகிதத் தலைக்கு உள்ளிருந்து உறுதி

1996இல் வந்த ‘இந்தியன்’, ‘ஔவை சண்முகி’ இரண்டிலும் கமல்ஹாசனின் முகத்தை மாற்றியவர் அமெரிக்க ஒப்பனைக் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோர். அந்த வகை ஒப்பனைக்கு முதல் வேலை, நடிகரின் முகத்தை அச்செடுப்பது. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஆல்ஜினேட் கூழை முகம் முழுக்க அப்பி, அதன்மேல் மாவுக்கட்டுத் துணியைச் சுற்றுவார்கள். அது இறுகும்வரை கண்ணையும் வாயையும் மூடி, மூக்கால் மட்டும் மூச்சுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மூக்குத் துவாரம் அடைபட்டால் ஆபத்து. பழக்கமில்லாதவர்கள் தொடக்கூடாத வேலை இது. அதனால்தான் பள்ளி நாடகம் போடுகிறவர்களும் சிறு நாடகக் குழுக்களும் முகமூடியைக் கண்மதிப்பில் செய்துவிடுகிறார்கள். மேடையேறியதும் அது கண்ணை மறைக்கிறது, தாடையில் உரசுகிறது, வசனம் பேசும்போது நழுவுகிறது.

இவர்களுக்குக் காகிதத் தலை நல்ல வழி: நடிகரின் தலையளவில் காகிதத்தில் ஒரு தலை செய்து, அதன்மேல் களிமண் அப்பி முகமூடியை வடிப்பது. நடிகரின் முகத்தைத் தொடவே வேண்டாம். தையல்காரரின் அளவுநாடா போதும். புருவத்துக்கு மேலே தலையின் சுற்றளவு, முகவாய் முதல் உச்சி வரை உயரம், காதுக்குக் காது அகலம் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மேக்ஹியூமன், பிளெண்டர் போன்ற இலவச மென்பொருள்களில் ஒரு முப்பரிமாணத் தலையை இந்த அளவுக்குக் கொண்டுவரலாம். அதைத் தட்டையாக விரித்து, வெட்டி ஒட்டும் தாள்களாக மாற்ற ஜப்பானின் தமா சாஃப்ட்வேர் உருவாக்கிய பெபகுரா டிசைனர் இருக்கிறது. பிளெண்டரிலேயே அதற்கான துணைநிரலும் உண்டு.

இரு திசையிலும் வளைந்த பரப்பை நீட்டாமல், கசக்காமல் தட்டையாக்க முடியாது. கணித மேதை காஸ் 1827இல் இதை நிறுவினார். அதனால்தான் காகிதத் தலை எப்போதும் பட்டை பட்டையாக இருக்கும். பட்டைகளைக் கூட்டக் கூட்ட உருவம் மென்மையாகும், ஒட்டுகிற வேலையும் ஏறும். முகமூடிக்கான தலைக்குச் சில நூறு பட்டைகள் போதும் என்பது என் கருத்து. காது மடலின் நெளிவுகளில் நேரத்தைச் செலவிட வேண்டாம். களிமண் அதை மூடிவிடும். மூக்கு, கண்குழி, தாடை ஆகிய மூன்றிலும் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

அச்சிடும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வை நீக்கி, நூறு சதவீத அளவில் எடுங்கள். மூன்று சதவீதம் குறைந்தாலே 57 செ.மீ. தலை 55.3 செ.மீ. ஆகிவிடும், அதன்மேல் செய்த முகமூடிக்குள் அந்த நடிகர் நுழைய முடியாது. தலை முழுவதையும் மூடும் முகமூடி என்றால் சுற்றளவில் ஒன்றிரண்டு செ.மீ. கூட்டியே வைக்கலாம். தலைமுடிக்கும் இடம் வேண்டும், முகமூடி வார்க்கும் ரப்பர் பாலும் காயும்போது சற்றுச் சுருங்கும்.

இனி உறுதி. தடித்த அட்டை எடுத்தால் தலை உறுதியாகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 200 முதல் 250 ஜிஎஸ்எம் வரையிலான அட்டையே சரி. அதற்கு மேல் போனால் மூக்கின் சின்ன மடிப்புகள் வெடிக்கும், ஒட்டுவிளிம்புகள் புடைத்து அளவைக் கெடுக்கும். மடிக்கும் கோட்டின்மேல், எழுதித் தீர்ந்த பேனாவால் எஃகு அளவுகோலை ஒட்டி ஒருமுறை அழுத்திக் கீறிவிட்டால் மடிப்பு நேராக விழும். காகிதத்தின் பொறுப்பு அளவோடு முடிகிறது. களிமண்ணைக் கட்டைவிரலால் அழுத்தும்போது கன்னம் குழியாமல் தாங்க வேண்டியது உள்ளே இருக்கும் எலும்புக்கூடு.

பெட்டி அட்டையில் குறுக்கும் நெடுக்கும் ஒன்றில் ஒன்று செருகும் சட்டங்களை வெட்டி, பின்மண்டையை மூடுவதற்கு முன்பே உள்ளே நிறுத்துங்கள். அட்டைக்குள் ஓடும் நெளிவரிகள் நிமிர்ந்து நிற்க வேண்டும்; படுத்திருந்தால் பாரம் தாங்காது. பிறகு உட்புறம் முழுக்க வார்னிஷ் பூசிக் காயவிடுங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஈரம் பட்டதும் காகித நார் உப்பும், முகம் கோணும், கோணியபடியே காயும். வார்னிஷ் காய்ந்தபின் கிழித்த செய்தித்தாளை மைதாப் பசையில் தோய்த்து, அடுக்குக்கு அடுக்கு திசை மாற்றி ஆறேழு அடுக்கு ஒட்டலாம். ஒவ்வோர் அடுக்கும் காய்ந்த பிறகே அடுத்தது, இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி மழையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பது நம் ஊரில் புத்தகம் கட்டுகிறவர்களின் வழக்கம். ரப்பர் பாலில் முகமூடி வார்ப்பதாக இருந்தால் இங்கே அதைத் தவிர்த்துவிடுங்கள். மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. இயற்கை ரப்பரைச் சீக்கிரமே பிசுபிசுக்கச் செய்து கெடுத்துவிடும்.

செய்தித்தாள் அடுக்குகளுக்குப் பதிலாகப் பாலியூரிதேன் நுரையை உள்ளே பீய்ச்சி நிரப்புவது சுலபமாகத் தெரியும். அது உப்பும் வேகத்தில் ஒட்டுகள் பிளந்து கன்னம் வீங்கிவிடும். ஊற்றித்தான் ஆக வேண்டுமென்றால் கொஞ்சம் கொஞ்சமாக, இறுகவிட்டு ஊற்ற வேண்டும். கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் பிசினும் மிக உறுதியானவைதான். ஆனால் அந்தப் பிசினின் ஸ்டைரீன் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. தகுந்த சுவாசக் கவசமும் திறந்தவெளியும் இல்லாமல், குழந்தைகள் புழங்கும் இடத்தில் அதைத் திறக்கவே கூடாது. தலை முழுக்கப் பிளாஸ்டர் ஊற்றினாலோ ஐந்து கிலோவைத் தாண்டும், தூக்கித் திருப்பி வேலை செய்ய முடியாது.

முதலில் ஒடிவது கழுத்து. பிவிசி குழாய் ஒன்றை உச்சிவரை செலுத்தி, உள்சட்டங்களோடு பிணைத்து, அடியில் கனமான பலகையில் திருகிவிட்டால் அந்தக் கவலை தீரும். வெளிப்புறத்தில் பெயிண்டர்கள் சுவருக்குப் பார்ப்பதுபோல் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, மறுபடி வார்னிஷ் பூசினால் பட்டைகள் மறைந்துவிடும்.

குழந்தைகளுக்குச் செய்யும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரியவர் தலையைக் கணினியில் சுருக்கி அச்சிட்டால் குழந்தையின் தலை கிடைக்காது. குழந்தைக்கு மண்டை பெரிது, முகம் சிறிது, கண்கள் தலையின் கீழ்ப்பாதியை நோக்கி இறங்கியிருக்கும். மேக்ஹியூமனில் வயதை மாற்றும் வசதி உண்டு. அதில் குழந்தை உருவத்தை எடுத்து, அதன் அளவுகளைத் திருத்தி, புதிதாக விரித்துக்கொள்ளுங்கள்.