அந்த ஆறு எங்கே போனது?

உக்குவளையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 2010 ஓகஸ்ட் 16ஆம் திகதி இரவு, பாடசாலைப் பையனாகத் தகப்பனாரோடு தம்புள்ளை மைதானத்தில் இருந்து இலங்கை–இந்தியா ஆட்டம் பார்த்தவர். "செவாக் அடித்த பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியதை என் கண்ணால் கண்டேன். விடிந்து பேப்பரைப் பார்த்தால் ஆட்டமிழக்காமல் 99 என்று இருக்கிறது. அந்த ஆறு எங்கே போனது?" என்று கேட்கிறார்.

விதிப் புத்தகத்தைத் திறந்தால் இரண்டு வரியில் பதில் கிடைத்துவிடும். எனக்கு இன்னொரு புத்தகத்தைப் பற்றிப் பேச ஆசை. மாத்தளை மாவட்டத்து விளையாட்டுச் செய்திகளை ஒரு சின்னப் பத்திரிகைக்கு எழுதிய காலமெல்லாம் என் மடியில் கிடந்த ஸ்கோர் புத்தகம் அது.

கிரிக்கெட் எப்படி ஆடுவது என்று இந்த நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஓட்ட எண்ணிக்கையைத் தொலைக்காட்சி தானாகச் சொல்லிவிடுவதால், அதை ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார் என்பது மறந்துபோயிற்று. ஓட்டம் வந்த ஒரு பந்து அந்தப் புத்தகத்தில் மூன்று இடத்தில் ஏறும்: துடுப்பாட்ட வீரரின் வரிசையில், பந்துவீச்சாளரின் கட்டத்தில், மொத்த ஓட்டங்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு போகும் பகுதியில். ஓட்டமில்லையென்றால் ஒரு புள்ளி. நோ போலுக்கு வட்டம். வைட் என்றால் கூட்டல் குறி. பைஸுக்கு முக்கோணம், லெக் பைஸுக்கு அதே முக்கோணம் தலைகீழாக.

ஆட்டம் முடிந்ததும்தான் பதிவாளரின் நெஞ்சு அடிக்கத் தொடங்கும். துடுப்பாட்ட வீரர்களின் ஓட்டங்களோடு உதிரிகளைக் கூட்டினால் ஒரு தொகை வரும். பந்துவீச்சாளர்கள் கொடுத்த ஓட்டங்களோடு பைஸையும் லெக் பைஸையும் கூட்டினால் இன்னொரு தொகை. இரண்டும் ஒன்றாக வரவேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு பந்து தொலைந்திருக்கிறது.

என் அப்பா ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். கொழுந்து மடுவத்தில் ஒவ்வொருவர் பறித்த நிறையையும் பேருக்கு நேரே எழுதுவார். தொழிற்சாலையில் மொத்தமாக நிறுத்த சிட்டை மாலையில் வரும். ஈரத்துக்குக் கழித்த பிறகும் இரண்டும் ஒத்துவராத இரவுகளில் அவர் சாப்பிட உட்காரமாட்டார். விளக்கடியில் செக்ரோலை விரித்துவைத்து, விரலால் ஒவ்வொரு பேராகத் தொட்டு இறங்குவார். ஒரு கிலோ பிசகினால் முழு நாளும் மலையில் நின்ற ஒருத்திக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்துவிடுமே என்பதுதான் அவருக்குக் கவலை. முதன்முதலாக ஸ்கோர் புத்தகத்தைப் பார்த்தபோது எனக்கு அது புதிதாகவே தெரியவில்லை.

அதில் எனக்கு மிகப் பிடித்தது பந்துவீச்சாளரின் கட்டம்தான். சதுரமான சின்னக் கட்டம், அதற்குள் ஓர் ஓவரின் ஆறு பந்துகள். ஆறிலும் ஓட்டம் வரவில்லையென்றால் ஆறு புள்ளிகள். ஓவர் முடிந்ததும் பதிவாளர் அந்தப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்து 'எம்' என்ற ஆங்கில எழுத்தாக்கிவிடுவார். அதுதான் மெய்டன் ஓவர். அதே ஓவரில் விக்கெட்டும் விழுந்திருந்தால் கோடு தலைகீழாகும், 'எம்' 'டபிள்யூ' ஆகிவிடும். ஓட்டமே இல்லாத ஆறு பந்துகளுக்கு இப்படியொரு மரியாதை! பக்கத்தை எட்டப் பிடித்துப் பார்த்தால், இலக்கங்களுக்கு நடுவே அந்த எழுத்துகள் மட்டும் தனியாகத் தெரியும். யார் எந்த நேரத்தில் ஆட்டத்தை இறுக்கிப் பிடித்தார் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடலாம்.

தொலைக்காட்சியில் இன்று வண்ணக் கோடுகளாக விரியும் 'வண்டிச் சக்கரம்' கூட ஒரு பதிவாளர் காகிதத்தில் போட்ட படம்தான். பில் பெர்குசன் என்ற ஆஸ்திரேலியர், 1905இல் அணியின் பயணப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளவும் ஓட்டங்களை எழுதவும் இங்கிலாந்துக்குக் கூடப் போனவர், அப்படி வரையத் தொடங்கினார்.

இனித் தம்புள்ளைக்கு வருவோம். இலங்கை 170 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்திருந்தது. இந்தியாவும் 170ஐத் தொட்டுவிட்டது; வெற்றிக்கு ஓர் ஓட்டம், செவாக்கின் சதத்துக்கும் ஓர் ஓட்டம். சுராஜ் ரந்தீவ் கோட்டைத் தாண்டிக் காலை வைத்து வீசினார். செவாக் ஆறுக்குத் தூக்கினார். ஆனால் நோ போலுக்கான ஓர் ஓட்டம், பந்து மட்டையில் படுவதற்கு முன்பே இந்தியாவின் கணக்கில் ஏறிவிட்டது. 171. ஆட்டம் அங்கேயே முடிந்தது. முடிந்த ஆட்டத்தில் அடித்த ஆறை எழுதப் புத்தகத்தில் இடமில்லை. உதிரிகளில் ஒன்று, ரந்தீவின் கட்டத்தில் ஒரு வட்டம், செவாக்குக்கு 99. அவ்வளவுதான், வாசகரே.

வேண்டுமென்றே செய்த காரியம் என்று ரந்தீவுக்கு ஓர் ஆட்டத் தடை வந்தது. அன்று அணித்தலைவராக நின்ற குமார் சங்கக்கார மாத்தளையில் பிறந்தவர் என்பதால், எங்கள் ஊர்த் தேநீர்க்கடைகளில் அந்தப் பேச்சு பல நாள் ஓடியது. அந்த வட்டமோ உலகம் முழுக்கப் பதிவாகிவிட்டது. யாரும் இனி அழிக்க முடியாது.

என் மனம் அடித்துக்கொள்வது பதிவாகாத ஆட்டங்களுக்காக. தம்புள்ளை மைதானத்தை 167 நாள்களில் கட்டி எழுப்பி, 2001இல் சர்வதேச ஆட்டமும் நடத்தினார்கள். அதே மாவட்டத்தில் நாவுலவிலும் கலேவெலவிலும் தோட்டப்புறங்களிலும் நடக்கும் பாடசாலை ஆட்டங்களை எழுத ஆளில்லை. நாங்கள் எழுதிய காலத்தில் மாதச் சம்பளம் கிடையாது, அச்சில் வந்த செய்திக்குத்தான் காசு. ஆட்டம் முடிய ஓடிப்போய்க் கொமினிகேஷன் கடையில் தொலைநகல் அனுப்பினால், சில நாள் அதற்குக் கொடுத்த பணம்கூடத் திரும்பி வராது. ஆனாலும் அடுத்த நாள் அந்தப் பையன்களின் பெயர் அச்சில் இருக்கும். பிறகு பக்கங்கள் குறைந்தன, முதலில் போனது எங்கள் பக்கம். 2022 மார்ச்சில் பத்திரிகைக் கடதாசி கிடைக்காமல் 'தி ஐலண்ட்', 'திவயின' போன்ற கொழும்புப் பத்திரிகைகளே சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்திவைத்தன. சின்னப் பத்திரிகை எப்படித் தாங்கும்?

மாத்தளை நகரிலிருந்து வடக்கே சற்றுத் தூரம் போனால் அளுவிகாரை. வலகம்பா மன்னன் காலத்தில், பஞ்சமும் போரும் வந்து, மனனம் செய்த பிக்குகள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தபோது, வாய்வழியாக வந்த பௌத்த நூல்களை ஏட்டில் எழுதிவைத்த இடம் என்று சொல்கிறார்கள். தம்புள்ளைக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தப் பாறையைத் திரும்பிப் பார்ப்பேன். அதன் நிழலில் இருக்கும் ஊரில் பாடசாலைக் களஞ்சியங்களில் ஸ்கோர் புத்தகங்களைக் கறையான் தின்ன விட்டிருக்கிறோமே என்று வயிறு எரியும். தேடி எடுத்து ஒரு அலுமாரிக்குள் வைக்க எத்தனை ரூபாய் செலவாகும்?

மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தோட்டத்துப் பிள்ளை, இப்போது கொழும்பில் கடையொன்றில் வேலை. பயிற்றுநர் வேலையொன்றுக்கு விண்ணப்பிக்க, தான் ஆடியதற்கு ஏதாவது அத்தாட்சி வேண்டும் என்றார். பாடசாலையில் ஒன்றும் மிஞ்சவில்லையாம். "அண்ணே, அந்த மெச்சுக்கு நீங்கதான் எழுதுனீங்க" என்றார்.

அன்று இரண்டாவது பதிவாளர் வராததால் நானே இன்னொரு புத்தகத்தில் எழுதியிருந்தேன். பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினோம். பென்சில் மங்கியிருந்தது. அவர் பெயருக்கு நேரே ஐந்தாவது கட்டத்தில் கோடு தலைகீழாக ஏறி இறங்கியிருந்தது. இது என்னவென்று கேட்டார். சொன்னேன். அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்தபடி, விக்கெட் காப்பாளராக நின்றவனின் பெயரையும் பிடி எடுத்த கையையும் அவர் சொல்லத் தொடங்கினார். மனைவி இரண்டாவது தடவை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தபோதும் விரலை எடுக்கவில்லை.